பொய்க்குக் கட்டைக்கால்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

பொய் சொல்கிற ஆளை வரைந்துவிடலாம். பொய்யையே வரையச் சொன்னால் என்ன செய்வது? ஐரோப்பிய ஓவியர்களுக்கு இதற்கென்றே ஒரு கையேடு இருந்தது. கார்டினல் சால்வியாட்டியின் வீட்டில் பணிபுரிந்த செசாரே ரீப்பா என்ற இத்தாலியர் தொகுத்த 'இகோனோலோஜியா' அது. 1593-இல் ரோமில் முதல் பதிப்பு வந்தபோது அதில் படங்களே இல்லை, விளக்கங்கள் மட்டும்தான். 1603 பதிப்பில் மரச்செதுக்குப் படங்கள் சேர்ந்தன. நீதி, நட்பு, பொறாமை என்று ஒவ்வொரு குணத்துக்கும் என்ன உடை, கையில் என்ன பொருள், பக்கத்தில் என்ன விலங்கு என்று அகர வரிசையில் சொல்லும் நூல். மரச்செதுக்கை அச்செழுத்தோடு சேர்த்து ஒரே அச்சுப்பொறியில் அடிக்க முடியும் என்பதால் படமும் விளக்கமும் ஒரே பக்கத்தில் வந்தன. 1709-இல் லண்டனில் ஆங்கிலப் பதிப்பும் வெளியானது.

இதில் பொய் ஓர் இளம்பெண். அழகில்லாதவள், ஆனால் நன்றாக அலங்கரித்துக்கொண்டவள். உடையெங்கும் முகமூடிகளும் நாக்குகளும் வரைந்திருக்கும். ஒரு கால் கட்டைக்கால். கையில் எரிகிற வைக்கோல் கற்றை. பொய்க்குக் கால் குட்டை என்று இத்தாலியில் ஒரு பழமொழி உண்டு. ரொம்ப தூரம் நடக்காது என்று பொருள். வைக்கோல் தீ சட்டென்று பற்றும், சட்டென்று அணையும். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு" என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் ரீப்பா படமாகச் சொல்கிறார்.

மோசடிக்கு வேறு உருவம். ஒரே கழுத்தில் இரண்டு முகம், ஒன்று அழகிய இளமுகம், மற்றது விகாரமான கிழமுகம். ஒரு கையில் இரண்டு இதயங்கள், மறு கையில் முகமூடி. கழுகின் பாதங்கள், தேளின் வால். இந்த வால் ரீப்பாவின் கற்பனை மட்டுமல்ல. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாந்தே தன் நரகத்தில் மோசடியின் உருவாக கெரியோன் என்ற மிருகத்தைப் படைத்தார். முகம் நேர்மையான மனிதனுடையது, உடல் பாம்பு, வால் நுனியில் தேள் கொடுக்கு. 1861-இல் குஸ்தாவ் தோரே தாந்தேவுக்கு வரைந்த புகழ்பெற்ற படங்களிலும் இந்த மிருகம் வருகிறது.

வஞ்சகத்துக்கு ரீப்பா சொல்லும் உருவங்களில் ஒன்று பொன்னாடை உடுத்திய ஆண். இடுப்புக்குக் கீழே இரண்டு பாம்பு வால்கள். பக்கத்தில் தலையை மறைத்துக்கொண்டு நிற்கும் சிறுத்தை. அதன் புள்ளித்தோலைப் பார்த்து மற்ற விலங்குகள் மயங்கி நெருங்கும், முகத்தைப் பார்த்தால் ஓடிவிடும், அதனால் அது தலையை ஒளித்துக்கொள்ளும் என்பது அக்காலத்து நம்பிக்கை.

பொய் ஏன் பெண், வஞ்சகம் ஏன் ஆண்? பெரும்பாலும் இதைத் தீர்மானித்தது இலக்கணம். இத்தாலிய மொழியில் பொய், மோசடி ஆகியவற்றுக்கான சொற்கள் பெண்பால். வஞ்சகத்துக்கான 'இங்கான்னோ' ஆண்பால். தமிழில் இவையெல்லாம் அஃறிணை என்பதால் நமக்கு இந்தச் சிக்கலே எழவில்லை.

பொறாமையை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். கிரேக்கத்தில் அந்தச் சொல் ஆண்பால். அதனால் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய லூசியன், ஒரு பழைய ஓவியத்தை விவரிக்கும்போது பொறாமையை வெளிறிய ஆண் என்கிறார். இத்தாலிய மொழியில் அதே சொல் பெண்பால். ரீப்பாவின் பொறாமை, மார்பைப் பாம்பு கடிக்கும் மெலிந்த கிழவி. குணம் ஒன்றுதான், மொழி மாறியதும் ஆண் பெண்ணாகிவிட்டார். ஆனால் படத்தைப் பார்க்கிற எழுத்தறியாத மனிதருக்கு இலக்கணம் தெரியாது. அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்: பொய் பேசுவது பெண், மோசடியும் பெண், பொறாமையும் பெண். பொய்யைக் கண்டிக்க வரைந்த படமே இப்படி இன்னொரு பொய்யைச் சொல்லிக்கொடுத்தது.

லூசியன் விவரித்த அந்த ஓவியம், அலெக்சாந்தரின் ஓவியர் அப்பெல்லெஸ் வரைந்ததாகச் சொல்லப்படும் 'அவதூறு'. நீண்ட காதுகளோடு ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவன் இருபுறமும் அறியாமையும் சந்தேகமும். அவதூறு என்னும் அழகி ஒரு கையில் தீப்பந்தத்தோடு, மறு கையால் ஓர் இளைஞனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வருகிறாள். முன்னால் வழிகாட்டி வருவது பொறாமை. சூழ்ச்சியும் வஞ்சனையும் தோழிகளாக அவளை அலங்கரிக்கிறார்கள். பின்னால் கறுப்பு உடையில் மனவருத்தம் அழுதபடி திரும்பிப் பார்க்கிறது. கடைசியாக வருகிறது உண்மை.

மூல ஓவியம் அழிந்துபோய்விட்டது. 1435-இல் ஆல்பெர்ட்டி, ஓவியர்களுக்கு எழுதிய நூலில் இந்தக் கதையைப் பரிந்துரைத்தார். அதன்பின் போத்திசெல்லி வண்ணத்தில் தீட்டினார். மந்தேன்யா வரைந்த கோட்டுச்சித்திரத்தை மொசெத்தோ செம்புத் தகட்டில் செதுக்கி, வெனிஸ் நகரத்துச் சதுக்கம் ஒன்றைப் பின்னணியாக வைத்தார். 1560-இல் ஜோர்ஜோ கீசி இன்னொரு செதுக்கோவியம் செய்தார்.

லூசியன் இதற்கு ஒரு பின்கதையும் சொல்கிறார். டயர் நகரை எதிரிக்குக் காட்டிக்கொடுத்த தியோடோட்டஸின் சதியில் அப்பெல்லெஸுக்கும் பங்குண்டு என்று, போட்டி ஓவியர் ஆன்டிஃபிலஸ் எகிப்து மன்னன் தாலமியிடம் கோள் மூட்டினார். கைதி ஒருவர் உண்மையைச் சொன்னதால் அப்பெல்லெஸ் தப்பினார். வெட்கப்பட்ட மன்னன் அவருக்கு 100 தாலந்து கொடுத்து, ஆன்டிஃபிலஸையே அடிமையாகவும் கொடுத்தான்.

நல்ல கதைதான். ஆனால் ஆண்டுகளைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அலெக்சாந்தர் இறந்தது கி.மு. 323. தியோடோட்டஸ் டயரைக் காட்டிக்கொடுத்தது நான்காம் தாலமியின் காலத்தில், கி.மு. 219. இடையில் 104 ஆண்டுகள். அலெக்சாந்தரை நேரில் வரைந்தவர் இந்தச் சதியில் சிக்கியிருக்கவே முடியாது. அவதூறை எச்சரிக்கும் ஓவியத்தின் பின்கதையே, லூசியன் சொன்ன வடிவில் நடந்திருக்க முடியாத கதை. அதில் ஆன்டிஃபிலஸ் என்ற ஓவியர் பெயர் நூற்றாண்டுகளாகக் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அவர் பக்க நியாயத்தைச் சொல்ல இன்று யாரும் இல்லை.

லூசியன் இந்த ஓவியத்தை விவரித்தது, அவதூறை எளிதில் நம்பாதீர்கள் என்று சொல்லும் கட்டுரையில்! அவர் வேண்டுமென்றே புனைந்தார் என்று நான் சொல்லமாட்டேன். கேட்ட கதை நன்றாக இருந்திருக்கும், சரிபார்க்காமல் எழுதியிருப்பார். நம் கைபேசிக்குத் தினமும் வருகிற செய்திகளும் பெரும்பாலும் அப்படித்தானே கைமாறுகின்றன?

இணையத்தில் கீசியின் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லோரும் அந்த இளைஞனையும் தீப்பந்தத்தையும்தான் பார்ப்பார்கள். நீங்கள் அமர்ந்திருப்பவனின் காதைப் பாருங்கள். அவன் கேட்கத் தயாராக இல்லையென்றால், அவதூறும் அவளை அலங்கரிக்கிற தோழிகளும் அந்த வாசலுக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.