அயர்லாந்து உள்நாட்டுப் போர்: பகை நிலைத்தது ஏன்?

பிரிட்டனுடன் 1921 டிசம்பரில் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தை அயர்லாந்து நாடாளுமன்றமான டாயில் அடுத்த மாதம் 64-க்கு 57 என்ற வாக்குகளில் ஏற்றது. பிரிட்டனை ஒன்றாக நின்று எதிர்த்தவர்கள் 1922 ஜூன் முதல் 1923 மே வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். பிளவு தோன்றியதற்கு அது போதும். பிளவு தலைமுறைப் பகையாக இறுகியதற்குப் போதாது. அதற்கான விடை போரை நடத்திய முறையில், குறிப்பாக அரசு நிறைவேற்றிய மரண தண்டனைகளில் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பிளவின் மையம் நாட்டுப் பிரிவினை அல்ல. வடக்கின் 6 மாவட்டங்கள் 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டன. டாயில் விவாதத்தில் பிரிவினை கொஞ்சமே பேசப்பட்டது. ஒப்பந்தத்தை எதிர்த்த தலைவர் டி வலேராவின் மாற்று வரைவும் வடக்கு பற்றிய ஷரத்துகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருந்தது. வாதம் சூடேறியது பிரிட்டிஷ் மன்னருக்கான விசுவாசப் பிரமாணத்தில்தான். குடியரசின் பெயரால் உறுதிமொழி எடுத்துப் போராடியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அற்பமென்று தள்ள முடியாது. ஆனால் 1927இல் டி வலேராவே அதை வெற்றுச் சடங்கு என்று சொல்லிக் கையெழுத்திட்டு அவைக்குள் நுழைந்தார். 1933இல் பிரமாணம் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. பகை மட்டும் போகவில்லை. இரு தரப்பின் வழிவந்த ஃபியன்னா ஃபாயிலும் ஃபினா கேலும் கூட்டணி ஆட்சி அமைக்க 2020 ஆயிற்று.

ஒரு தரப்பு மக்களாட்சியைக் காத்தது, மறு தரப்பு அதை மறுத்தது என்பதும் பாதி உண்மையே. 1922 ஜூன் தேர்தலில் ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் 128 இடங்களில் 36 மட்டுமே பெற்றார்கள். அந்தத் தீர்ப்பை மீறியது அவர்களின் பெரும்பிழை. ஆனால் ஜூன் 28இல் பிரிட்டனிடம் இரவல் வாங்கிய பீரங்கிகளால், எதிர்ப்பாளர்கள் பிடித்து வைத்திருந்த டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தைத் தாக்கிய ஒப்பந்த ஆதரவுத் தற்காலிக அரசு, புதிய அவையை செப்டம்பர் 9 வரை கூட்டவேயில்லை.

நவம்பர் 17 முதல், ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கே இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பில் ஆட்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லண்டன் பேச்சுவார்த்தையில் அயர்லாந்துக் குழுவின் செயலாளராக இருந்த எர்ஸ்கின் சைல்டர்ஸ், ஒரு கைத்துப்பாக்கிக்காக நவம்பர் 24இல் கொல்லப்பட்டார். அவர் வழக்கில் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. டிசம்பர் 7இல் ஒப்பந்தத்தை எதிர்த்த குடியரசுத் தரப்பினர், அதை ஆதரித்த டாயில் உறுப்பினர் ஷான் ஹேல்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் விடியற்காலை மவுன்ட்ஜாய் சிறையில் ரோரி ஓ'கானர், லியாம் மெல்லோஸ், ஜோ மெக்கெல்வி, ரிச்சர்ட் பாரெட் நால்வரும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள். இராணுவ நீதிமன்றங்கள் ஏற்படும் முன்பே பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர்கள் அவர்கள்; ஹேல்ஸ் கொலையில் அவர்களுக்குப் பங்கிருக்க வழியில்லை. இதற்கு ஒப்புதல் தந்த அமைச்சர்களில் கெவின் ஓ'ஹிக்கின்ஸும் ஒருவர். ஓராண்டுக்குச் சற்று முன்புதான் ஓ'கானர் அவருடைய திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றிருந்தார். குற்றம் செய்தவனை விட்டுக் கையில் இருப்பவனைக் கொல்வது பழிவாங்கல். அதற்குச் சட்டம் என்ற பெயர் பொருந்தாது.

தண்டனைகள் போரைச் சீக்கிரம் முடித்தன என்பார்கள். ஹேல்ஸுக்குப் பின் போர்க்காலத்தில் வேறு டாயில் உறுப்பினர் கொல்லப்படவில்லை என்பது உண்மை. ஆயினும் லிமரிக், கார்க் நகரங்கள் 1922 ஆகஸ்ட் நடுவுக்குள்ளேயே அரசுப் படைகளிடம் வீழ்ந்துவிட்டன. இராணுவ முடிவு அப்போதே தெரிந்துவிட்டது. அதன் பிறகு போரை இழுத்தது குடியரசுத் தரப்பின் தளபதி லியாம் லின்ச்சின் பிடிவாதம். 1923 ஏப்ரல் 10இல் அவர் இறந்தார். அம்மாத இறுதியில் போர் நிறுத்தம் வந்தது. தண்டனைகள் தொடர்ந்தபோதே கெர்ரி மாவட்டத்தில் கொடுமை முற்றியது: நாக்நகோஷலில் கண்ணிவெடிக்கு ஐந்து அரசுப் படைவீரர்கள் பலியான மறுநாள், மார்ச் 7இல், பாலிசீடியில் குடியரசுத் தரப்பின் ஒன்பது கைதிகள் கண்ணிவெடியைச் சுற்றிக் கட்டப்பட்டு அது வெடிக்க வைக்கப்பட்டது. பிழைத்தவர் ஸ்டீஃபன் ஃபுல்லர் ஒருவரே.

போர் ஓய்ந்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 1927 ஜூலை 10இல், தேவாலயத்துக்கு நடந்து போன ஓ'ஹிக்கின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். குடியரசுத் தரப்பினரின் நினைவில் 77 மரண தண்டனைகளின் முகமாக நின்றவர்.