நின்னே ஜாம் ஆன வண்டி

சித்தப்பாவோட ராஜ்தூத் 350-ஐ கடலூர்ல எங்க பழைய வீட்டுத் தாழ்வாரத்துல 1997-ல நிறுத்தினாங்க. நிறுத்துறப்ப நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. போன வருஷம் தார்ப்பாயை எடுத்துட்டு, கிக்கர் மேல என்னோட எழுபத்தஞ்சு கிலோவையும் வெச்சு ஏறி நின்னேன். ம்ஹூம், ஒரு நூல் கூட அசையலை. ரெண்டு பிஸ்டனும் ஜாம்.

நல்லா ஓடின என்ஜின் சும்மா நிக்கிறப்ப எப்படி ஜாம் ஆகும்? பதில் தேடப் போனா பாதி உலோகம், பாதி சரித்திரம்.

முதல்ல உலோகம். ஆரம்பகால என்ஜின்ல பிஸ்டன், சிலிண்டர் ரெண்டுமே வார்ப்பிரும்பு. 1913-ல டபிள்யூ.ஓ. பென்ட்லி, தான் இங்கிலாந்துல வித்துக்கிட்டிருந்த டி.எஃப்.பி. காரோட பிரெஞ்சு தொழிற்சாலைக்குப் போனார். அங்கே மேஜை மேல காகிதம் பறக்காம இருக்க வெச்சிருந்த அலுமினிய பிஸ்டன் பொம்மையைப் பார்த்தார். நிஜமாவே இதுல பிஸ்டன் செஞ்சா என்னன்னு தோணி, 88 சதம் அலுமினியம், 12 சதம் செம்பு கலந்து செய்யச் சொன்னார். எடை குறைஞ்சது, வேகம் கூடிச்சு. முதல் உலகப் போர்ல விமான என்ஜின்களுக்கும் இது போச்சு, அப்புறம் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது.

கூடவே ஒரு தலைவலியும் வந்தது. 100 டிகிரி சூடு ஏறினா 64 மில்லிமீட்டர் அலுமினிய பிஸ்டன் சுமார் 0.13 மி.மீ. விரியும். அதே அளவு இரும்பு 0.07 தான் விரியும். நம்ம வண்டியில பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விடுற இடைவெளியே 0.04 மி.மீ. அளவுதான். ஆயில் குறைஞ்சா, சூடு மீறினா, ஓடுற வண்டி அப்படியே கவ்விக்கும். இது சூட்டு ஜாம்.

இன்னொண்ணு துரு ஜாம். துரு, தான் தின்ன இரும்பைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இடத்தை அடைக்கும். அலுமினியம் தன் பங்குக்கு வெள்ளைப் பொடியா பூக்கும். கடல் காத்து வேற. அந்த 0.04 இடைவெளி நிரம்ப எத்தனை மழைக்காலம் வேணும்?

இப்ப சரித்திரம். யமஹா 1973-ல விட்ட ஆர்.டி. 350, 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 39 குதிரைச்சக்தி. அதை எஸ்கார்ட்ஸ் 1983-ல ராஜ்தூத் 350-ன்னு இங்கே செஞ்சது. சக்தியை 30.5-க்குக் குறைச்சாங்க, முன்னாடி டிஸ்க் பிரேக்குக்குப் பதிலா டிரம். அப்படியும் நம்ம ரோட்டுல அதுக்கு ஈடு கிடையாது. ஆனா பெட்ரோலை மடமடன்னு குடிக்கும். “லிட்டருக்கு இருபது குடுத்தா அன்னிக்குத் தீபாவளிடா” என்பார் சித்தப்பா.

வந்த நேரம் சரியில்லை. 1984-ல நம்ம ஓசூர்லேர்ந்து இண்ட்-சுசுகி, 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் எஸ்கார்ட்ஸே விட்ட யமஹா ஆர்எக்ஸ் 100. எல்லாம் 100 சிசி, கொஞ்சமா குடிக்கிற வண்டிங்க. பெத்தவனே போட்டிக்குப் பிள்ளையைப் பெத்த கதை :-) கொஞ்ச வருஷத்துலயே 350 தயாரிப்பு நின்னு போச்சு. சித்தப்பாவும் ஒரு 100 சிசி வாங்கினார். 350 தாழ்வாரத்துக்குப் போச்சு. ஆக அந்த பிஸ்டனை ஜாம் பண்ணினது துரு மட்டும் இல்லை, பெட்ரோல் விலையும்தான்.

சரி, கழட்டின கதைக்கு வருவோம். ரெண்டு ஹெட்டையும் கழட்டினோம். இந்த என்ஜின்ல ஒரு பிஸ்டன் மேல போனா இன்னொண்ணு கீழ வரும். இடது பக்கம் மேலேர்ந்து ஒரு விரல்கட்டை கீழே நின்னுச்சு, சுவர் ஓரளவு சுத்தம். வலது பக்கம் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேல. அதனால சைலன்சர் துவாரம் பாதி திறந்தே இருந்திருக்கு. இத்தனை வருஷமும் உப்புக் காத்து அது வழியா உள்ளே போய் வந்திருக்கு. பிஸ்டனுக்கு மேல சுவர் முழுக்க செம்மண் நிறம்.

கடையில இருந்த பையன் சுத்தியலைத் தூக்கினான். மெக்கானிக் பாய் தடுத்துட்டார். “தம்பி, பிஸ்டன் உடைஞ்சா வேற வாங்கலாம். பிளாக்குல கீறல் விழுந்தா எங்கே போவே?”

டபிள்யூ.டி. 40 அடிக்கலாமான்னு கேட்டேன். அது 1953-ல அமெரிக்காவுல சான் டியாகோவில் தண்ணியை விரட்டுறதுக்காக, நாற்பதாவது முயற்சியில கண்டுபிடிச்ச கலவை. அட்லஸ் ஏவுகணையோட உடம்புல துரு பிடிக்காம இருக்க உபயோகிச்சாங்க. ஈரத்தை விரட்ட நல்லது, ஆனா நாள் கணக்குல ஊற வைக்க பாய் நம்பினது கியர் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்ததைத்தான்.

இடது சிலிண்டர்ல ஊத்தினது நின்னுது. வலதுல ஊத்தினது திறந்த துவாரம் வழியா ஓடி சைலன்சர்லேர்ந்து தரையில சொட்டிச்சு. அப்புறம் பழைய வேட்டித் துணியை ஆயில்ல நனைச்சு பிஸ்டன் மேல வெச்சு, காலையும் மாலையும் நனைச்சுக்கிட்டே இருந்தோம். ஒன்பது நாள்.

பத்தாவது நாள் நான் இடது பிஸ்டனைக் கீழே தள்ளப் போனேன். அதுவும் தப்பாம். இடது இறங்கினா வலது மேல ஏறணும், துரு இருக்கிற சுவர்ல ஏறணும். அதனால முதல்ல வலதைத்தான் கீழே அமுக்கணும், அந்தப் பக்கம் பிஸ்டன் மறைச்சிருந்த சுவர் சுத்தமா இருக்கும். மேல் சுவர்த் துருவை உப்புத்தாள்ல தேய்ச்சு எடுத்துட்டு, வேப்பங்கட்டையை வெச்சு மெதுவா தட்டினார். டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்தை நான் ஆட்டினேன். ஒரு மணி நேரம் ஒண்ணுமே இல்லை. அப்புறம் ‘டக்’னு ஒரு சின்ன சத்தம், ஒரு நூல் அளவு அசைவு. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி சாயந்திரத்துக்குள்ள ரெண்டு பிளாக்கும் வெளியே.

பிஸ்டன் தலையைத் துடைச்சப்பதான் பார்த்தோம், ரெண்டுலயும் 0.25-ன்னு குத்தியிருந்தது. அப்படின்னா ஏற்கெனவே ஒரு தடவை போர் பண்ணின என்ஜின். சித்தப்பாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை.

“ஆயில் பம்பைக் கழட்டிட்டு நானே பெட்ரோல்ல கலந்து ஊத்திக்கிட்டிருந்தேன்டா. ஒரு நாள் கலக்க மறந்துட்டேன். திண்டிவனம் தாண்டி கவ்விடுச்சு. உங்க சித்திக்குக் கூட சொல்லலை.”

ஆக ஒரே என்ஜின்ல ரெண்டு ஜாமும் பதிவாகியிருக்கு. முதல்ல சூட்டு ஜாம், அப்புறம் துரு ஜாம். வலது சுவர்ல துரு தின்ன குழி இருக்கிறதால இப்ப ரெண்டையும் 0.50-க்கு போர் பண்ணியாகணும். அதுக்கு மேல 0.75, 1.00. அதோட யமஹா கணக்கு முடிஞ்சது. கிராங்க் பேரிங்கிலயும் துருப்புள்ளி, அதையும் மாத்தணும். அப்படியே உதைச்சு ஸ்டார்ட் பண்ணியிருந்தா அதுவும் போயிருக்கும்.

முழு வேகத்துல ஓட்டி, ஆயில் இல்லாம கவ்வினதுக்கு கால் மில்லி செலவு. தாழ்வாரத்துல பத்திரமா நிறுத்தி வெச்சதுக்கும் அதே கால் மில்லி. இதைச் சொன்னப்ப சித்தப்பா லேத் பட்டறைக்குப் போற பிளாக்கைக் கையில வாங்கி உள்சுவரை விரலால தடவிப் பார்த்தார்.

“ஓட்டியே தேய்ச்சிருக்கலாம்டா” என்றார்.