பால்மரக் காட்டில் பழகிய கண்கள்

நிறம் பொருளில் உள்ளதா, காணும் கண்ணில் உள்ளதா, அன்றி அறியும் மனத்தில் உள்ளதா? ஐரோப்பிய அறிஞர் ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்த இவ்வினாவின் விடையைப் பேராக் தோட்டங்களில் நம் முன்னோர் தம் தொழிலிடையே நாளும் கண்டனர்.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மரம் பேராக்கில் பரவியது. தமிழகத்திலிருந்து வந்த மக்கள் அதனைப் பால்மரம் என்றழைத்தனர். விடியுமுன்னரே பால்வெட்டு தொடங்கும். விளக்கொளி எட்டாத இடத்தில் இலையின் பசுமையும் மண்ணின் செம்மையும் தோன்றா. யாவும் சாம்பல் நிறமே. நிறமறியும் கூம்பணுக்கள் இருளில் ஓய்ந்திருக்க, ஒளியை மட்டும் உணரும் கோலணுக்களே அப்போது செயற்படுகின்றன. பொழுது புலர்கையில் பசுமை முந்தித் தெளியும். செம்மை நெடுநேரம் இருண்டே கிடக்கும். இவ்வியல்பைச் செக் நாட்டறிஞர் புர்க்கின்யே 1825இல் எழுதிவைத்தார்.

நிறமறியும் உறுப்புகள் மூவகை என ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் 1802இல் கருதினார். பின்னைய ஆய்வுகள் அதனை மெய்ப்பித்தன. ஆயினும் நிறத்தை முடிவு செய்வது கண் மட்டுமன்று. விளக்கின் மஞ்சள் ஒளியிலும் மங்கில் சொட்டும் பால் வெண்மையாகவே தோன்றும். ஒளியின் சாயலைக் கழித்துப் பொருளின் நிறத்தை மதிப்பிடுவது மனத்தின் தொழிலாகும்.

பாலை உறையவைத்து, உருளைகளில் அழுத்தி, புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிட்டால் வெண்தகடு தேன்நிறம் பெறும். அதனை ஒளிக்கு எதிரே பிடித்து, கறையும் குமிழியும் மிகைப்புகையும் கண்ணாலேயே ஆய்ந்து, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தனர். தரத்திற்கேற்பவே விலை அமைந்தது. ஒரு தகட்டைத் தனியே காண்பவர் ஏமாறுவர். அருகருகே வைத்து ஒப்பிடுபவரே நுண்ணிய வேறுபாட்டை அறிவர்.

1965இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தோன்றியது. மாசு, சாம்பல் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் கூறும் முறை அது. வெளிர்நிற வகைக்கு நிற எல்லையும் வகுக்கப்பட்டது. அதற்கான அளவுகோல் லோவிபாண்ட் வண்ணக் கண்ணாடிகள். ரப்பர்த் துண்டை அக்கண்ணாடிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதோ, மீண்டும் மனிதக் கண்ணே!

இன்று தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. யங்கின் கருத்தும் புர்க்கின்யேயின் குறிப்பும் நூலேறி நிலைத்தன. தகடு பிரித்த நம் மக்களின் கண்ணறிவோ பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதுதல் மாணவர் கடன். எழுதத் தூண்டுதல் ஆசிரியர் கடன்.