அலைவரிசையும் அஞ்சல் பெட்டியும்: கொங்கு நாட்டில் கிறித்தவ வானொலி

கிறித்தவ ஊழிய வானொலியை ஆராய்ந்தோர், அதைப் போற்றுவோராயினும் ஐயுறுவோராயினும், ஒரு கருத்தில் ஒன்றுபடுகிறார்கள்: மக்களின் சொந்த மொழியில் பேசியதாலேயே அது கிராமத்துக்குள் நுழைந்தது என்பது. கொங்கு நாட்டை வைத்துச் சோதித்தால் இக்கருத்து நிற்பதில்லை. கோவை, ஈரோடு, தாராபுரம் வட்டாரங்களை எட்டிய ஒலிபரப்புகள் தமிழில் இருந்தன. கொங்குத் தமிழில் இல்லை. அந்த வேற்றுக்குரலை வீட்டுக்குரியதாக மாற்றியது மொழியன்று, அஞ்சல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் குரல் வந்த வழி. கோயம்புத்தூர் வானொலி நிலையம் 1966-இல் தொடங்கியது. அகில இந்திய வானொலி தன் காலைநேர பக்திப் பாடல்களில் எல்லாச் சமயங்களுக்கும் இடம் தந்தது. ஆனால் சமயப் பரப்புரைக்கு நேரத்தை விற்கவில்லை. ஆகவே ஊழிய நிறுவனங்கள் எல்லைக்கு அப்பால் நிலையம் தேடின. 1950-இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை காசுக்கு நேரம் கொடுத்தது. லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் 'நற்செய்தியின் குரல்' நிலையம் 1963 முதல், எத்தியோப்பியாவின் இராணுவ அரசு 1977-இல் கைப்பற்றும் வரை, அடிஸ் அபாபாவிலிருந்து இயங்கியது. ஃபீபா என்ற ஊழிய வானொலி 1970-இல் செஷல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் பேசத் தொடங்கியது. கத்தோலிக்கர்களுக்கு மணிலாவின் வெரித்தாஸ் வானொலி. கொங்குக் கிராமங்களுக்கு மிக அருகில் இருந்தது இலங்கையின் புத்தளம்: டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் நிகழ்ச்சிகள் அங்கிருந்து 882 கிலோஹெர்ட்சில், 400 கிலோவாட் ஆற்றலோடு வந்தன. நேர்க்கோட்டில் கோவைக்கு ஏறத்தாழ 450 கி.மீ. மத்திய அலை இருட்டியபின் நெடுந்தொலைவு போகும் என்பதால், உழவும் ஆலைப் பணியும் ஓய்ந்த பொழுது இந்தக் குரலுக்கு வாய்த்த பொழுதாயிற்று. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1941-இல் அறிவித்த ஊரில் கருவிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அலைவரிசை உரிமைக்குத்தான். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்த பிறகும் இது மாறவில்லை. தனியார் பண்பலை உரிமம் சமய அமைப்புகளின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்குக் கிடையாது.

இனி மொழி. சீர்திருத்தச் சபைகளின் வானொலித் தமிழ் பெரிதும் 1871-இன் பவர் வேதாகமத் திருப்புதலிலிருந்து வளர்ந்தது: கர்த்தர், கிருபை, இரட்சிப்பு, ஜெபம். கத்தோலிக்க ஒலிபரப்பின் சொற்கள் வேறு வழியில், மீட்பு, செபம், அருள் என்று நடந்தன. இரண்டும் பிரசங்க மேடையின் தமிழே. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் 'நாகம்மாள்' நாவலுக்குள் கொண்டுவந்த பேச்சு, பெருமாள்முருகன் தம் வட்டாரச் சொல்லகராதியில் தொகுத்த சொற்கள், இவற்றின் வாடையைக்கூட அதில் தேட வேண்டும். விருந்தாளியை ஒறம்பரை என்றும் மாலையைப் பொழுதோட என்றும் சொல்லும் காதுக்கு அது அயல்நடை. இலங்கை வானொலியில் பேசிய ஊழியர் டி.ஜி.எஸ். தினகரனின் ஜெபநடை எளிமையானதே என்று மறுக்கலாம். எளிமை உண்மைதான், ஆனால் அவர் திருநெல்வேலிச் சீமையின் சுரண்டைக்காரர். எளிய தமிழ் வேறு, கொங்குத் தமிழ் வேறு.

இந்த அயல்தன்மை குறையாக இல்லாமல் வசதியாக இருந்தது என்பதே என் ஊகம். இலண்டன் மிஷன் 1830 முதல் கோவையில் இருந்தது. கத்தோலிக்க மறைபரப்பு அதற்கும் முந்தையது. ஆயினும் கொங்குக் கிராமத்தில் தேவாலயம் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதே ஒரு சாதிச் செய்தி. அங்கே உபதேசியார் வாய் திறந்தால் முதலில் கேட்பது அவருடைய ஊரும் இனமும். பேச்சே ஆளைக் காட்டிக்கொடுக்கும் வட்டாரத்தில், மேடைத் தமிழ் பேசும் வானொலிக்குத் தெரு கிடையாது. தேவாலயப் படியேறத் தயங்கும் வீடும் அதைத் திண்ணையில் வைத்துக் கேட்கலாம். பாட்டு முடிந்து பிரசங்கம் வந்துவிட்டது, அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கேட்பது மட்டும் உறவாகிவிடாது. 1956-இல் யுனெஸ்கோ உதவியோடு பம்பாய் மாநிலத்தின் 150 ஊர்களில் நடந்த கிராம வானொலி மன்றச் சோதனை, உட்கார்ந்து விவாதித்து நிலையத்துக்குக் கேள்வி அனுப்பும் ஊரிலேயே செய்தி தங்குகிறது என்று காட்டியது. அரசு மன்றமாகக் கூட்டிச் செய்ததை ஊழிய வானொலி தனியாளிடம் செய்தது. நிகழ்ச்சியின் முடிவில் முகவரியைச் சொன்னார்கள்; எழுதியவருக்குப் பதில் வந்தது; விரும்பினால் அஞ்சல்வழி வேதபாடமும். வெரித்தாஸ் தமிழ்ப் பணிக்கு நேயர் மன்றங்களே இருந்தன. அஞ்சலட்டையை அஞ்சல்காரரும் படிக்கலாம், ஒட்டிய உள்நாட்டுக் கடிதத்தை அவர் படிக்க முடியாது. மகளின் திருமணம், கடன், குடிப்பழக்கம், பிள்ளையின்மை என ஊரில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் எதையும் முகமறியாத ஒருவருக்கு அதில் எழுதலாம். பதிலில் எழுதியவரின் பெயர் இருக்கும். சொந்த மொழி செய்யாததை அந்தப் பெயர் செய்தது.

தினகரனின் 'இயேசு அழைக்கிறார்' இதற்குத் தெளிவான சான்று. வங்கி ஊழியராயிருந்த அவர் 1970-களின் தொடக்கத்தில் இலங்கை வானொலி வழியாகப் பரவலாக அறியப்பட்டார். நேயர் கடிதம் எழுதுபவரானார், எழுதியவர் ஆதரவாளரானார், 1985-இல் குழந்தைகளின் பெயரில் பதியும் இளம் பங்காளர் திட்டம் வந்தது. மறு ஆண்டே சிறுவாணிச் சாலையில், மலையடிவாரத்தில், காருண்யா பொறியியல் கல்லூரி எழுந்தது. அந்த இடம் இன்று காருண்யா நகர். ஓர் ஊழியத்தின் அஞ்சல் பட்டியல் நிலப்படத்தில் ஊர்ப்பெயராக மாறியதற்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டைக் கொங்கில் நான் காணவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு சான்றைப் பற்றியது. நிறுவனங்கள் அச்சிட்ட கடிதங்கள் அவர்களே பொறுக்கியவை. எண்ணிக்கையும் அவர்கள் சொன்னதே. ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் இங்கே கடிதங்களின் தொகையை எங்கும் ஆதாரமாக்கவில்லை. ஆனால் பதில் எழுத ஆளும் அறையும் தபால்தலையும் செலவாகும். கடிதம் வராத இடத்தில் அச்செலவைப் பல்லாண்டு தாங்குவோர் இல்லை. அமைப்பின் வடிவமே இங்கு சான்று.

அடுத்தது, இது அயல்நாட்டுப் பணத்தின் மதமாற்றக் கருவி என்ற குற்றச்சாட்டு. பிரதீப் நைனான் தாமஸ் 2008-இல் வெளியிட்ட நூலில் இந்தியக் கிறித்தவ ஊடகங்களின் அடிப்படைவாதச் சாய்வையும் உலகத் தொடர்புகளையும் கடுமையாக விமரிசித்தார். அவ்விமரிசனத்தைச் சமயப் பகையென்று தள்ளிவிட முடியாது. செஷல்ஸ், மணிலா நிலையங்களைப் பொறுத்தவரை பணம் பற்றிய பகுதி சரி. தினகரனின் ஊழியத்திலோ இந்தியர் ஒருவர் இலங்கையின் நேரத்தை வாங்கி இந்தியரிடம் பேசினார். மதமாற்றம் என்ற அளவுகோல் இரு தரப்பையும் ஏமாற்றுகிறது. கொங்கு இன்றும் கிறித்தவர் சிறுபான்மையாக உள்ள நிலமே. ஊழியர்கள் இதை அறுவடை தாமதம் என்பார்கள், எதிர்ப்பவர்கள் தோல்வி என்பார்கள். சபையில் சேராமல், மாரியம்மன் பொங்கலையும் விடாமல், இன்னலில் ஒரு கடிதம் எழுதிய நேயர் இருவர் கணக்கிலும் வருவதில்லை.

அந்த நேயரைத் தேடுவது இனி கடினம். ஃபீபாவின் செஷல்ஸ் நிலையம் 2003-இல் மூடப்பட்டது. வெரித்தாஸ் 2018-இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. கேட்டுப் பதில் பெறும் பழக்கம் தொலைபேசிக்கும் வாட்ஸ்அப்புக்கும் இடம் மாறியது. தொலைபேசி ஜெபம் தாளில் எதையும் விட்டுச்செல்வதில்லை. அலுவலகங்களில் குவிந்த கடிதங்கள் அமைப்புகளின் வசம் இருக்கக்கூடும். வீடுகளுக்கு வந்த பதில்களோ, வைத்திருந்தால், டிரங்குப் பெட்டியில் பட்டா, ஜாதகங்களோடு கிடக்கும்.