கன்சோல் பிறந்த கதை

தாப்பாவிலிருந்து பழைய மலைப்பாதையில் ஏறினால் மலேசியாவின் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். 1929ல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ரசல் காலத்துத் தோட்ட ஆபீஸ் என்றால் ஒரு கிராணி, ஒரு செக்ரோல் புத்தகம், ஒரு மைக்கூடு. இன்று எந்தத் தோட்டமானாலும் செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது. கொழுந்து நிறுத்த எடை, சம்பளம், சேமநிதி, சொக்சோ, வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட் முடியும் தேதி எல்லாம் அதற்குள்தான். மாதக் கடைசியில் அந்தக் கணினி படுத்துக்கொண்டால் சம்பள நாள் தள்ளிப்போகும்.

அந்தக் கணினித் திரையின் ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், கேடயம் போல் ஒரு சின்னம் இருக்கும். அதுதான் ஆன்டிவைரஸ். கணினி மெதுவாக ஓடுகிறதே என்று அதை நிறுத்தப் பார்த்தால் பாஸ்வேர்ட் கேட்கும். கிராணிக்கு அது தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. தெரிந்தவர் பெரும்பாலும் கோலாலம்பூர்ப் பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருப்பார். அவருடைய திரையில் நிறுவனத்தின் எல்லாக் கணினிகளும் வரிசையாக நிற்கும். எதில் அப்டேட் ஏறியிருக்கிறது, எது பத்து நாளாகப் பேசவில்லை, எதில் நேற்று வைரஸ் பிடிபட்டது என்பதெல்லாம் அங்கே தெரியும். அந்தத் திரைக்குக் கன்சோல் என்று பெயர்.

ஆன்டிவைரஸ் எப்படி வந்தது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கன்சோல் எப்படி வந்தது என்று எழுதியவர்கள் குறைவு. எனக்கு அதுதான் சுவையான கதை. வைரஸைக் கண்டுபிடிப்பது மூளையின் வேலை. கண்டுபிடித்ததை நூறு கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காலின் வேலை. கன்சோல் பிறந்தது கால்வலியில்.

1986 ஜனவரியில் லாகூரிலிருந்து கிளம்பியது பிரெயின். பாசித், அம்ஜத் என்ற ஃபரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதியது. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தொற்றி உலகம் சுற்றிய முதல் வைரஸ் இதுதான். பிளாப்பித் தட்டின் முதல் பகுதியில் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தட்டு எந்தக் கணினிக்குப் போகிறதோ அங்கே போகும். எழுதியவர்கள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். இன்றைக்கு யாராவது செய்வார்களா? அடுத்த ஆண்டு ஜெர்மனியில் பெர்ன்ட் ஃபிக்ஸ் என்பவர் வியன்னா என்ற வைரஸை நீக்க ஒரு நிரல் எழுதினார். அதே 1987ல் அமெரிக்காவில் ஜான் மக்காஃபி கம்பெனி தொடங்கினார். மருந்துக் கடைகள் திறந்தாயிற்று.

ஆனால் அந்தக் கடைகளுக்கு ஒருநாளும் விடுமுறை கிடையாது என்பது அப்போதே எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிரெட் கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983ல் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் வைரஸை இயக்கிக் காட்டியவர். எல்லா வைரஸையும் தவறே இல்லாமல் கண்டுபிடிக்கும் நிரலை எழுத முடியாது என்று கணித முறையில் நிறுவியவரும் அவர்தான். இதை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடக் கூடாது. இதன் நேரடி விளைவு ஒன்று உண்டு. நிரலை ஒருமுறை வாங்கிப் போட்டால் போதாது. புது வைரஸ் வரவர அதன் அடையாளத்தைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒவ்வொரு கணினிக்கும் திரும்பத் திரும்பப் போய்ச்சேர வேண்டும்.

இணையம் பரவாத நாளில் அது பிளாப்பியில்தான் போனது. மாதமோ மூன்று மாதமோ கழித்துத் தபாலில் தட்டு வரும். கம்பெனியில் கணினி பார்ப்பவர் அதை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போவார். ஐந்து கணினி என்றால் ஒரு மதியம், ஐம்பது என்றால் ஒரு வாரம். மலை மேலே ஒரு கிளை இருந்தால் அது அடுத்த தடவைக்கு என்று தள்ளிவைக்கப்படும். தட்டிலேயே வைரஸ் ஏறிவிட்டால், மருந்து கொண்டுபோனவரே நோயையும் பரப்பிவிட்டு வருவார்.

இந்தக் காலத்தில்தான் சென்னையும் கதைக்குள் வருகிறது. 1991ல் ஜே. கேசவர்தனன் அங்கே கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் கைலாஷ், சஞ்சய் காட்கர் சகோதரர்கள் பழுது பார்க்கும் கடையிலிருந்து குவிக் ஹீல் ஆன்டிவைரஸை உருவாக்கியதும் தொண்ணூறுகளில்தான். கே7 பெயரெடுத்த விதம் விசித்திரமானது. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற கம்பெனி விற்கும் வைரஸ் செக்யூரிட்டி என்ற மென்பொருளுக்கு உள்ளே ஓடுவது சென்னையின் எஞ்சின். 2006ல் ஆண்டுச் சந்தாவே இல்லை என்று சொல்லி அங்கே அதன் ஜீரோ பதிப்பைக் கடைகளில் இறக்கினார்கள். பெட்டியில் இருப்பது சென்னைச் சரக்கு என்று வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! நம் ஆட்கள் இந்தத் துறையில் வெறும் வாடிக்கையாளர்களாக இருந்ததில்லை. மலேசியத் தமிழ் வணிகர்கள் ஆன்டிவைரஸ் என்றதும் அமெரிக்க, ரஷ்யப் பெயர்களைத் தாண்டி யோசிப்பதில்லை என்ற குறை எனக்கு உண்டு.

கால்வலிக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அலுவலகக் கணினிகளைக் கேபிளால் இணைத்து, நடுவில் நோவெல் சர்வர் ஒன்றை வைக்கும் வழக்கம் பரவியது. வைரஸுக்கு இனி தட்டு தேவையில்லை, கேபிளே போதும். அப்படியானால் மருந்தும் கேபிளிலேயே போகலாமே என்று யோசித்தவர்களில் முந்திக்கொண்டது டிரெண்ட் மைக்ரோ. தைவான்காரர்களான ஸ்டீவ் சாங், ஜென்னி சாங், ஈவா சென் மூவரும் 1988ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய நிறுவனம் அது. சிப் தயாரிக்கும் இன்டெலுடன் ஒப்பந்தம் போட்டு, நெட்வொர்க்குக்கென்றே ஓர் ஆன்டிவைரஸைச் செய்து கொடுத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை லேன்டெஸ்க் வைரஸ் புரொடெக்ட் என்ற பெயரில் இன்டெல் விற்றது. 1993ல் நோவெல் தன் நெட்வொர்க் மென்பொருளோடு அதைச் சேர்த்தே கொடுக்கத் தொடங்கியது. இன்றைய கன்சோலின் வம்சாவளியை இங்கிருந்துதான் எழுத வேண்டும்.

பிறகு நடந்தது குடும்பக் கதை. 1998ல் இன்டெல் தன் ஆன்டிவைரஸ் பிரிவைச் சைமன்டெக்குக்கு விற்றது. நார்ட்டன் என்ற பெயரில் வீட்டுக் கணினிக்கு விற்றுக்கொண்டிருந்த சைமன்டெக்குக்கு அதன் மூலம் கம்பெனிகளின் கதவு அகலத் திறந்தது. விற்றுவிட்டுப் போன இன்டெல் சும்மா இருந்ததா? 2010ல் மக்காஃபியை 768 கோடி டாலருக்கு விலை பேசி, அடுத்த ஆண்டு வாங்கி முடித்தது.

இதற்கிடையில் கடிகாரம் மாறிவிட்டது. 1999 மார்ச்சில் மெலிசா வந்தது. அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொள்ளும். 2000 மே 4ம் தேதி மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போனது. பிளாப்பி வைரஸ் ஊர் சுற்ற மாதக்கணக்கில் ஆகும். இது காலையில் கிளம்பி மாலைக்குள் உலகைச் சுற்றியது. தபாலில் வரும் மருந்துக்கு இனி பொருளில்லை. எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில், யாரையும் கேட்காமல், மேலிருந்து தள்ளிவிட ஒரு வழி வேண்டும். கன்சோல் வசதி என்ற நிலை போய்க் கட்டாயம் என்ற நிலை வந்தது அப்போதுதான். மலேசியா இதற்குச் சற்று முன்பே, 1997ல், மைசெர்ட் என்ற அவசர உதவிக் குழுவை மிமோஸ் நிறுவனத்துக்குள் அமைத்திருந்தது. அது இப்போது சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் கீழ் இயங்குகிறது.

கன்சோலின் உடற்கூறு எளியது. நடுவில் ஒரு சர்வர். இப்போது பல இடங்களில் அது கிளவுடில் இருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரல். அது குறித்த இடைவெளியில் சர்வரைக் கூப்பிட்டுத் தன் நிலையைச் சொல்லும், புதிய கட்டளை இருந்தால் வாங்கிக்கொள்ளும். கணினிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதலாம். கணக்குப் பிரிவில் பென்டிரைவ் கூடாது, தொழிற்சாலை எடைமேடைக் கணினியில் பகலில் ஸ்கேன் ஓடக்கூடாது என்பது போல.

ரிங்லெட் போன்ற இடத்துக்கு இதில் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. தோட்டத்து இணைய இணைப்பு மழைக்கும் மரம் விழுவதற்கும் அஞ்சி ஓடுவது. பதினைந்து கணினியும் தனித்தனியாக ஒரே அப்டேட்டை இழுத்தால் காலை வேளையில் இமெயில்கூட நகராது. ஆகவே கன்சோலில் ஆபீஸ் கணினி ஒன்றை உள்ளூர் வினியோகியாகக் குறித்துவிட வேண்டும். அது மட்டும் வெளியிலிருந்து அப்டேட்டை ஒருமுறை இறக்கும். மற்றவை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான நிறுவனப் பதிப்புகளில் இந்த வசதி இருக்கிறது. விற்க வருபவர் இதைத் தானாகச் சொல்வது அபூர்வம்.

ஒரே இடத்திலிருந்து எல்லோருக்கும் மருந்து போகும் என்றால், ஒரே இடத்திலிருந்து எல்லோருக்கும் கேடும் போகலாம். 2010 ஏப்ரல் 21ம் தேதி மக்காஃபியின் அப்டேட் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று தூக்கிவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை. அதைவிடப் பெரியது 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை நடந்தது. மலேசிய நேரப்படி நண்பகல் 12 மணி 9 நிமிடத்துக்குக் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. கேஎல்ஐஏ 2 விமான முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கையால் எழுதி ஏற்ற வேண்டியிருந்தது. கேடிஎம்பியின் ரயில் டிக்கெட் விற்பனையும் தடுமாறியது. கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிக்கு நெட்வொர்க் எழுந்தால்தானே கன்சோல் பேச முடியும்? பல இடங்களில் ஆள் நேரில் போய், கணினியைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. மேசை மேசையாக, 1991ல் போனது போலவே.

அதனால் கன்சோலை அமைப்பவர் முதல் நாளே செய்ய வேண்டியது, அப்டேட்டைப் படிப்படியாக விடுவது. முதலில் தன் பக்கத்து மேசைக் கணினிகள் நாலைந்து. சில மணி நேரம் கழித்துத் தலைமை அலுவலகம். அதன் பிறகு தோட்டம். மலை மேலிருக்கும் கணினி கடைசி வரிசையில் நிற்பது தவறில்லை. அங்கே நேரில் போய்ச் சரிசெய்ய அரை நாள் மலைப்பாதையில் போய்விடும். வாங்கும் பொருளில் இப்படிப் படி பிரிக்க இடம் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

தேர்வு விஷயத்தில் பலர் கேட்பது எது அதிக வைரஸைப் பிடிக்கும் என்று. மக்டபர்க்கின் ஏவி டெஸ்ட், இன்ஸ்புருக்கின் ஏவி கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனின் வைரஸ் புல்லட்டின் ஆகியவை இதற்கென்றே சோதனை நடத்துகின்றன. பெயர்பெற்ற மென்பொருள்களுக்கிடையே பிடிக்கும் திறனில் வித்தியாசம் மெல்லியதாகத்தான் இருக்கும். நல்ல கோப்பைத் தவறாகப் பிடிப்பது எத்தனை, கணினியை எவ்வளவு இழுக்கிறது என்ற பத்திகளைப் பாருங்கள். தோட்டத்துச் சம்பள மென்பொருள் பெரும்பாலும் யாரோ உள்ளூர்க்காரர் எழுதியது. உலகம் அறியாத அந்த நிரலைத்தான் ஆன்டிவைரஸ் முதலில் சந்தேகப்படும். பழைய கணினியில் விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும் என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. எனக்கும் அதில் பெரிய மறுப்பில்லை, அதைக் கண்காணிக்க மேலே ஒரு கன்சோல் இருந்தால்.

இதெல்லாம் சட்டப்படி கட்டாயமா என்றும் கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 26ல் நடப்புக்கு வந்த மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டம் 11 துறைகளை நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புக்குரியவை என்று வகுத்திருக்கிறது. அவற்றில் விவசாயமும் தோட்டத் தொழிலும் ஒன்று. துறைத் தலைமை பெயர் குறித்து அறிவிக்கும் நிறுவனங்களுக்குத்தான் அதன் கடமைகள் பொருந்தும். ஒவ்வொரு தோட்ட ஆபீசுக்கும் பொருந்தாது.

சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஆன்டிவைரஸ் விற்பவர் வரும்போது நீங்கள் ஒரு சோதனை கேளுங்கள். ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இருக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலப் பிடிக்கும்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. அதை ரிங்லெட் ஆபீசின் மிகப் பழைய கணினியில் வைத்துவிட்டு, கோலாலம்பூர்க் கன்சோலில் எச்சரிக்கை வர எத்தனை நிமிடமாகிறது என்று பாருங்கள். அன்று மழை பெய்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு ஆர்டரில் கையெழுத்திடலாம்.