பத்து மாத சாண்ட்விச்

சனிக்கிழமை டிபன் பாக்ஸை ஆபீசிலேயே மறந்துவிட்டு, திங்கட்கிழமை வந்து திறந்து பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா? மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பீர்கள். அதே டிபன் பாக்ஸ் பத்து மாதம் கடலுக்கடியில் கிடந்தால் என்ன ஆகும்?

ஒன்றுமே ஆகாது!

1968 அக்டோபர் 16. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் ஆல்வின் என்கிற குட்டி நீர்மூழ்கியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆல்வின் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. 1966-ல் ஸ்பெயின் அருகே கடலில் விழுந்து தொலைந்துபோன ஹைட்ரஜன் குண்டைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் அன்றைக்கு நேரம் சரியில்லை. தாங்கிப் பிடித்திருந்த இரும்புக் கயிறு அறுந்தது. மேல்மூடி திறந்திருக்க, தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. இருந்த மூன்று பேரும் எப்படியோ வெளியேறித் தப்பித்துவிட்டார்கள். ஆல்வின் மட்டும் சுமார் 1,540 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடவே, அவர்களுடைய மதியச் சாப்பாடும்.

1969-ல் ஆல்வினை மேலே தூக்கினார்கள். உள்ளே சாண்ட்விச், ஆப்பிள், பிளாஸ்கில் கொண்டுபோன சூப் எல்லாம் இருந்தன. ரொட்டி ஊறிப்போயிருந்தது, அவ்வளவுதான். நிறம், மணம் சரி. வாயில் போட்டுப் பார்த்ததில் ருசியும் சரி! அதையே ஃப்ரிட்ஜில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுப்போனது. கடலடியிலும் ஏறக்குறைய அதே குளிர்தானே? பின்னே எப்படி?

வுட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தின் ஹோல்கர் யன்னாஷ் குழுவினரை இந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. கடல் கிருமிகளையும் அவற்றுக்கான தீனியையும் பாட்டில்களில் அடைத்து ஆழத்துக்கு இறக்கினார்கள். அதே மாதிரி பாட்டில்களை மேலே, அதே குளிரில் வைத்தார்கள். 1971-ல் முடிவு வெளியானது. ஆழத்தில் கிருமிகளின் வேலை 10 முதல் 100 மடங்கு மந்தம். குளிர் மட்டும் காரணமில்லை. தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து அவற்றை முடக்கிப்போட்டிருக்கிறது. ஆல்வின் கிடந்த இடத்தில் அது நாம் தரையில் உணரும் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு!

அழுத்தத்திலேயே செழிக்கும் கிருமிகளும் உண்டு என்பது பிற்பாடு தெரியவந்தது. சாப்பாட்டு டப்பா மூடியிருந்ததையும் மறந்துவிடக் கூடாது. திறந்திருந்தால் இறால் ஜாதிப் பிராணிகள் ஒரு பிடி பிடித்திருக்கும்.

இருந்தாலும் இதற்குள் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எதைப் போட்டாலும் கடல் ஜீரணித்துவிடும் என்பது மனிதனின் ரொம்ப காலத்து நம்பிக்கை. ஆழத்தில் அந்த வயிறு நத்தை வேகத்தில்தான் வேலை செய்கிறது. வரவு செலவுப் பாஷையில் சொன்னால், கடலில் கொட்டியது தள்ளுபடியான கடன் இல்லை. நம் பேரில் நிற்கிற பாக்கி.

இது புரிய எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? நியூயார்க் நகரம் தன் சாக்கடைச் சகதியைக் கப்பலில் ஏற்றி ஆழ்கடலில் கொட்டுவதை நிறுத்தியது 1992-ல்தான். சாண்ட்விச் சேதி வெளிவந்து, இருபத்தோரு வருஷம் கழித்து!