முக்கொம்பில் மெய்ப்பட்ட விதி

எந்தத் தலையீடும் தனித்து நிற்பதில்லை, ஒன்றைச் செய்யப் புகுந்தவர் அதனோடு வேறொன்றையும் செய்தவராகிறார் என்னும் கருத்தைச் சூழலியலின் முதல் விதியாக வகுத்தவர் அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின். 20-ஆம் நூற்றாண்டுக்குரிய அந்த விதியை, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கேயுள்ள முக்கொம்பில் காவிரி நூறாண்டுக்கு முன்னரே மெய்ப்பித்திருந்தது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையான கொள்ளிடத்துக்கும் தென்கிளையான காவிரிக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கத் தீவு. தீவின் கீழ்க்கோடியில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கிவரும் இடத்தில், காவிரி நீர் தாழ்வான கொள்ளிடத்துக்குள் இறங்கிவிடாமல் காப்பது, கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் கல்லணை. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் நுட்பத்தை அதனிடமிருந்தே கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டுள்ளார்.

கொள்ளிடம் சரிவு மிக்க நேர்வழியாகக் கடலை அடைவதால் நீர் அதன்பக்கமே சாய்ந்தது. காவிரியின் தலைப்பிலோ, அதாவது ஆறு பிரியும் வாயிலில், மணல் மேடிட்டது. காவிரி நீரை நம்பிய தஞ்சை வயல்கள் வாடத் தொடங்கியதால், 1830-இல் கல்லணையில் மணற்போக்கிகளை, அதாவது படிந்த மணலை அடித்துச்செல்லவிடும் தாழ்மதகுகளை அமைத்த காட்டன், 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். நோக்கம் நிறைவேறியது, ஆனால் அளவுக்கு மிஞ்சி நிறைவேறியது: மிகுந்த நீரைப் பெற்ற காவிரி தன் படுகையை அரித்து ஆழப்படுத்தியதால், 1845-இல் அதன் தலைப்பிலும் ஒரு தடுப்பணை கட்ட நேர்ந்தது. ஆற்றின் நீரளவும் சரிவும் ஒருபுறம், அது சுமக்கும் மணலின் அளவும் பருமனும் மறுபுறம் என நிற்கும் சமநிலையில் ஒன்று மாறினால் மற்றவையும் மாறும் என்று லேன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1955-இல் எழுதியது, ஏறத்தாழ இந்த நிகழ்வின் விளக்கமாகவே அமைகிறது.

நீருக்கும் மணலுக்கும் இடையிலான இந்தச் சமநிலை பற்றிய கேள்வி முக்கொம்பில் மீண்டும் எழுந்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிட மேலணையின் 9 மதகுகள் இடிந்தன. ஆற்றில் அள்ளப்பட்ட மணலே காரணம் என விவசாயிகள் குற்றஞ்சாட்ட, அரசு அதை மறுத்தது. பின்னர் பழைய அணைக்கு அருகே புதிய கதவணை எழுந்தது.